மஞ்சள் வெட்டுகிறோம், பருத்தி எடுக்கிறோம்

கேள்வி: மேடம், வணக்கம். எனக்குக் கொடுமுடிப் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் அசிஸ்டென்ட் மெர்ச்சன்டைசராக (ஆர்டர்களைக் கவனிக்கிற வேலை) சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. தினமும் பத்து இங்கிலீஷ் சொல் மனப்பாடம் செய்கிறேன். நோட்டில் 1,500 சொல்லுக்கு மேல் சேர்ந்துவிட்டது. எதைக் கேட்டாலும் அர்த்தம் சொல்லிவிடுவேன். ஆனால் மெயில் எழுத உட்கார்ந்தால் வாக்கியம் தப்பாகவே வருகிறது. போன வாரம் பையர் (எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்) அனுப்பிய மெஷர்மென்ட் சார்ட்டில் எம் சைஸுக்கும் எல் சைஸுக்கும் ஷோல்டர் ஒரே அளவாக இருந்தது. அதைக் கேட்டு எழுதினேன். என் மெயிலை எங்கள் சீனியர் எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்துச் சிரித்தார். அந்த மெயிலையும் என் நோட்டில் ஒரு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். இன்னும் எத்தனை சொல் படித்தால் சரியாகும்? இல்லை, கிராமரையே முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டுமா? ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ.’
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்:

தம்பி, வணக்கம்.

கேள்விக்குப் போகும் முன் அந்தச் சீனியரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருத்தர் எழுதியதை நாலு பேர் முன்னால் படித்துச் சிரிப்பது தப்பு. அதனால் யாருக்கும் இங்கிலீஷ் வந்ததில்லை, அடுத்த மெயில் எழுதப் பயம்தான் வந்திருக்கிறது. 20 வருஷத்துக்கு மேலாகத் திருப்பூரிலும் ஈரோட்டிலும் கம்பெனி ஆட்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். உங்களைப் போலக் கூசிப்போய் வந்து உட்காருகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எம் சைஸும் எல் சைஸும் ஒரே ஷோல்டர் அளவில் இருப்பதைக் கவனித்தது நீங்கள். பையர் ஆபீஸிலேயே தவறவிட்டதை உங்கள் கண் பிடித்திருக்கிறது. கட்டிங் போன பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் சீனியருக்கும் தெரியும்.

சரி, நோட்டுக்கு வருகிறேன். நீல மையில் இங்கிலீஷ், சிவப்பு மையில் தமிழ், அழகான கையெழுத்து. ‘டவுட் – சந்தேகம்’, ‘டிஸ்கஸ் – கலந்து பேசு’, ‘ரிவர்ட் – பதில் கூறு’, ‘சஜஸ்ட் – ஆலோசனை கூறு’, ‘ரிக்வெஸ்ட் – வேண்டுகோள்’. ஒரு வரிகூட அடித்துத் திருத்தவில்லை. இவ்வளவு உழைப்பையும் பார்த்துவிட்டு எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு சொல்லுக்குக்கூட வாக்கியம் எழுதவில்லை.

உங்கள் ஊரில் இருந்தே சொல்கிறேன். கொடுமுடிப் பக்கம் என்றால் மஞ்சளும் கரும்பும் இருக்கும். வீட்டில் எப்படிப் பேசுகிறீர்கள்? மஞ்சள் வெட்டுகிறோம், கரும்பு வெட்டுகிறோம். நெல் அறுக்கிறோம். பருத்தி எடுக்கிறோம். கடலைக்காய் பிடுங்குகிறோம். தேங்காய் போடுகிறோம். எல்லாமே விளைந்ததை வீட்டுக்குக் கொண்டுவருகிற வேலைதான். இங்கிலீஷ்காரர் இத்தனைக்கும் ‘ஹார்வெஸ்ட்’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விடலாம். பேப்பரில் நாமும் ‘அறுவடை’ என்று எழுதிவிடுகிறோம். ஆனால் காட்டில் நின்றுகொண்டு யாராவது ‘பருத்தி அறுக்க ஆள் வேண்டும்’ என்று கேட்டால் உங்கள் அப்பா என்ன நினைப்பார்? அர்த்தம் புரியும். ஆனால் இந்த ஆள் விவசாயம் பார்த்தவர் இல்லை என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

அந்த ஆளுக்கு ‘அறு’ என்றால் என்ன என்று தெரியும், ‘பருத்தி’ என்றால் என்ன என்றும் தெரியும். இரண்டும் ஒன்றாக நிற்காது என்பதுதான் தெரியவில்லை. அதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் இல்லை. ‘கண்ணு, நாளைக்கு மஞ்சள் வெட்டறாங்க, பள்ளிக்கூடம் விட்டு நேரா தோட்டத்துக்கு வந்துரு’ என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது. ‘மஞ்சள்’ தனியாகவும் ‘வெட்டு’ தனியாகவும் உங்களிடம் வரவில்லை, இரண்டும் சேர்ந்தேதான் வந்தன.

பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு பெயரும் படித்திருப்பீர்கள், மரபுச் சொற்கள். கூடை முடைந்தார், சுவர் எழுப்பினார், பூப் பறித்தாள் என்று பாடம் வரும். வினைமரபு என்று தலைப்புப் போட்டிருக்கும். இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்துவிட்டு விட்டிருப்போம். ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் அந்தப் பாடத்தில்தான் இருக்கிறது. தமிழில் எந்தப் பொருளுக்கு எந்த வினை என்று இருக்கிற மாதிரி இங்கிலீஷிலும் இருக்கிறது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும், எது எதைப் பின்னால் இழுத்துக்கொண்டு வரும் என்பதைத்தான் நீங்கள் இனிமேல் படிக்க வேண்டும். 1,500 சொல் போதாதா என்று கேட்டால், இப்போதைக்குத் தாராளமாகப் போதும். 1978ல் முதல் பதிப்பு வந்த லாங்மன் அகராதியில் அத்தனை ஆயிரம் சொற்களுக்கும் ஏறக்குறைய 2,000 எளிய சொற்களை வைத்துக்கொண்டே விளக்கம் எழுதியிருக்கிறார்கள். ஒரு மெர்ச்சன்டைசரின் மெயிலுக்கு அதைவிடக் குறைவே போதும். அதனால் புதுச் சொல் சேர்ப்பதை மூன்று மாதத்துக்கு நிறுத்திவையுங்கள்.

இது ஏதோ வெள்ளைக்காரர் கண்டுபிடித்த புது விஷயம் என்றும் நினைக்க வேண்டாம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் ‘வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்’ என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. உரைகாரர்கள் அதற்கு அணிகலனை வைத்து விளக்கம் சொல்கிறார்கள். சில நகைகளைக் கவிப்போம், சிலவற்றைக் கட்டுவோம், சிலவற்றைச் செறிப்போம், சிலவற்றைப் பூணுவோம். எல்லாவற்றையும் சேர்த்துப் பொதுவாகச் சொல்லும்போது இதில் ஒரு வினையை மட்டும் எடுத்துப் போடக்கூடாது, ‘அணிந்தார்’ என்று பொதுவினையாகச் சொல்ல வேண்டும். துணி தைக்கிற ஊரில் இருக்கிற நமக்கு இது நன்றாகவே விளங்கும். சேலை கட்டுகிறோம், சட்டை போடுகிறோம், பூ வைக்கிறோம். இங்கிலீஷில் மூன்றுக்கும் ‘வேர்’ ஒன்றே போதும். ஒரு வெளிநாட்டுக்காரர் தமிழ் கற்றுக்கொண்டு, சேலை கட்டியிருக்கிறாள் என்கிற மாதிரியே ‘அவள் பூ கட்டியிருக்கிறாள்’ என்று சொன்னால் நாம் என்ன புரிந்துகொள்வோம்? தலையில் வைத்திருக்கிறாள் என்றா? நூலில் கட்டிச் சரம் ஆக்கியிருக்கிறாள் என்றுதானே. வினை மாறினால் சில இடத்தில் கேட்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். சில இடத்தில் அர்த்தமே வேறாகிவிடும்.

அப்படி அர்த்தம் வேறாகிற சொல் ஒன்று உங்கள் மெயிலில் இருக்கிறது. நீங்கள் எழுதியது இது: ‘வி ஆர் ஹேவிங் டவுட் இன் யுவர் மெஷர்மென்ட் சார்ட். ப்ளீஸ் டிஸ்கஸ் அபவுட் திஸ் வித் யுவர் டீம் அண்ட் ரிவர்ட் பேக்.’

‘டவுட்’ என்றால் சந்தேகம் என்று உங்கள் நோட்டு சொல்கிறது. நம் ஊரில் சந்தேகம் பல வேலை செய்கிற சொல். வகுப்பில் கை தூக்கி ‘சார், ஒரு சந்தேகம்’ என்றால் அது கேள்வி. ‘அவன் மேல எனக்குச் சந்தேகம்’ என்றால் அது நம்பாமை. ‘மழை வருமோன்னு சந்தேகமா இருக்கு’ என்றால் அது வரும் போலிருக்கிறது என்ற எண்ணம். இந்த மூன்றில் ‘டவுட்’ எடுத்துக்கொள்வது நடுவில் இருப்பதை, அதாவது நம்பாமையை மட்டும்தான். ‘உங்கள் சார்ட்டில் ஒரு கேள்வி இருக்கிறது’ என்று நினைத்து நீங்கள் எழுதினீர்கள். ‘உங்கள் சார்ட் மேல் எங்களுக்கு நம்பிக்கை இல்லை’ என்று அவர் படிப்பார். கேள்விக்கு ‘கொஸ்டின்’ போடுங்கள். ‘வி ஹேவ் எ கொஸ்டின் அபவுட் தி மெஷர்மென்ட் சார்ட்.’

மூன்றாவது வகைச் சந்தேகம் இன்னும் ஆபத்து. அது என் கையையே சுட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1993ல் நான் திருப்பூரில் ஒரு கம்பெனியில் கடிதப் போக்குவரத்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேக்ஸ் காலம். மழையில் சாயத் துணி காயவில்லை, ஷிப்மென்ட் பத்து நாள் தள்ளிப்போகும் போலிருந்தது. பையரை முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும் என்று முதலாளி சொன்னார். ‘பத்து நாள் லேட்டாகும்னு சந்தேகமா இருக்கு’ என்பதை நான் அப்படியே, ‘வி டவுட் தட் தி ஷிப்மென்ட் வில் பி டிலேட் பை டென் டேஸ்’ என்று டைப் அடித்து அனுப்பினேன். பையர் ‘தேங்க் யூ, குட் டு நோ’ என்று பதில் போட்டார். நாங்களும் அவர் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டோம்.

கப்பல் தேதி தாண்டியது. ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவர் கோபமாகக் கேட்டார். நான் ஃபைலைத் திறந்து என் ஃபேக்ஸின் நகலை முதலாளியிடம் காட்டினேன், சொல்லியிருக்கிறோம் பாருங்கள் என்று. போனில் அந்தப் பையர் பொறுமையாக விளக்கினார். ‘ஐ டவுட் தட்’ என்று ஆரம்பித்தால், பின்னால் வருவது நடக்காது என்று நினைக்கிறேன் என்று அர்த்தம். அதாவது ‘ஷிப்மென்ட் லேட்டாகாது என்று நினைக்கிறோம்’ என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தலைகீழ். கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனது, செலவு கம்பெனி தலையில் விழுந்தது. நான் எழுத வேண்டிய சொல் ‘சஸ்பெக்ட்’, அல்லது எளிமையாக ‘வி ஆர் அஃப்ரெய்ட் தி ஷிப்மென்ட் மே பி டிலேட்.’ இந்த இரண்டு வரியையும் அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதினேன். சொல்லை எழுதாமல் வரியை எழுத ஆரம்பித்தது அன்றுதான்.

உங்கள் மெயிலில் மற்றவை இவ்வளவு கடினம் இல்லை. ‘டிஸ்கஸ்’ பக்கத்தில் ‘அபவுட்’ வருவதற்குக் காரணம் நம் ‘பற்றி’. ‘இதைப் பற்றிப் பேசுங்கள்’ என்று மனசில் ஓடுகிறது, ‘பற்றி’க்கு ஒரு சொல் வேண்டுமே என்று கை ‘அபவுட்’ போடுகிறது. ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குள்ளேயே அந்தப் ‘பற்றி’ அடங்கிவிட்டது. ‘டிஸ்கஸ் திஸ்’ போதும். அதுவே பெயர்ச்சொல்லாகி ‘டிஸ்கஷன்’ என்று வந்தால் ‘அபவுட்’ வேண்டும். ‘ரிக்வெஸ்ட்’டும் இதே ஜாதிதான். ‘வி ரிக்வெஸ்ட் அன் எக்ஸ்டென்ஷன்’ என்று வினையாக எழுதினால் ‘ஃபார்’ கிடையாது, ‘அவர் ரிக்வெஸ்ட் ஃபார் அன் எக்ஸ்டென்ஷன்’ என்று பெயராக எழுதினால் உண்டு.

‘ரிவர்ட்’ பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டு ஆபீஸ்களில் பதில் சொல்வதற்கு எல்லாரும் இந்தச் சொல்லைத்தான் எழுதுகிறார்கள். நமக்குள் எழுதிக்கொண்டால் புரிகிறது, தப்பு என்று சண்டை போட மாட்டேன். ஆனால் லண்டனில் இருக்கிறவருக்கு அது முதலில் ‘பழையபடி ஆக்கு’ என்றுதான் படும். ஒரு ஷேடை மாற்றி லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) அனுப்பிவிட்டு ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்று எழுதினால், பழைய ஷேடுக்கே போகச் சொல்கிறார்களா என்று அவர் யோசிப்பார். ‘பேக்’ சேர்த்தால் இன்னும் குழப்பம். ‘ப்ளீஸ் லெட் அஸ் நோ’ என்று எழுதுங்கள், யாருக்கும் யோசனை வராது. எல்லா இந்திய வழக்கும் இப்படி ஆபத்து இல்லை. தேதியை முன்னால் கொண்டுவருவதற்குச் சொல்கிற ‘ப்ரீபோன்’ நாம் புழங்கிப் பரப்பிய சொல், இன்று ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இருக்கிறது. ‘லாக்’, ‘க்ரோர்’ இரண்டும் இருக்கிறது, ஆனால் பீஸ் கணக்கை ‘ஒன் லாக்’ என்று வெளிநாட்டுக்கு எழுதாதீர்கள், ‘ஹண்ட்ரட் தௌசண்ட்’ என்றே எழுதுங்கள். என் கணக்கு ஒன்றுதான். படிக்கிறவர் ஒரு தடவை படித்து, நீங்கள் நினைத்ததையே புரிந்துகொள்ள வேண்டும்.

‘ஆர் ஹேவிங்’ என்பதைப் பார்க்கலாம். ‘இருக்கிறது’ என்பதை நாம் ‘இருந்துகொண்டிருக்கிறது’ மாதிரி இங்கிலீஷுக்குக் கொண்டுபோகிறோம். ஒரு பொருளோ கேள்வியோ நம்மிடம் இருந்தால் ‘வி ஹேவ்’. மீட்டிங் நடந்துகொண்டிருந்தால் ‘வி ஆர் ஹேவிங் எ மீட்டிங்’. இதற்கு மேல் விதி வேண்டாம்.

ஆக உங்கள் மெயில் இப்படி இருக்கலாம்: ‘வி ஹேவ் எ கொஸ்டின் அபவுட் தி மெஷர்மென்ட் சார்ட். தி ஷோல்டர் மெஷர்மென்ட் இஸ் தி சேம் ஃபார் எம் அண்ட் எல். குட் யூ ப்ளீஸ் டிஸ்கஸ் திஸ் வித் யுவர் டீம் அண்ட் லெட் அஸ் நோ?’ நீங்கள் போட்ட சொற்களில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. நான் புதிதாகச் சேர்த்த எந்தச் சொல்லும் உங்களுக்குத் தெரியாதது இல்லை.

நோட்டில் இருக்கிற ‘சஜஸ்ட்’டையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம், அடுத்து அதில்தான் இடறுவீர்கள். ‘எனக்கு ஒரு கலர் சொல்லுங்க’ என்பதில் ‘எனக்கு’ இருக்கிறது என்று ‘சஜஸ்ட் மீ எ கலர்’ என்று எழுதத் தோன்றும். வராது. ‘சஜஸ்ட் எ கலர்’. ‘எக்ஸ்ப்ளெயின் மீ’யும் வராது, ‘எக்ஸ்ப்ளெயின் திஸ் டு மீ’. ஆனால் ‘டெல் மீ’ வரும், ‘சென்ட் மீ’ வரும், ‘ஷோ மீ’ வரும். ஏன் என்று கேட்டால் உங்கள் வேலைக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு காரணம் என்னிடம் இல்லை. தமிழில் மட்டும் இருக்கிறதா என்ன? ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பிடிக்கும்’ என்று ‘கு’ போடுகிறோம். ‘நான் சாப்பிடுகிறேன்’, ‘நான் அறிவேன்’, ‘நான் விரும்புகிறேன்’ என்று போடாமலும் சொல்கிறோம். தெரிவதும் அறிவதும் ஒன்றுதானே, ஒன்றுக்கு மட்டும் ஏன் ‘கு’ என்று யாரும் கேட்பதில்லை. அந்தந்த வினை அந்தந்த வேற்றுமை உருபைக் கேட்கிறது. இங்கிலீஷில் ‘டு’, ‘ஃபார்’, ‘அபவுட்’, ‘இன்’ எல்லாம் அதே வேலையைச் செய்கின்றன. அவற்றைத் தனியாகப் பட்டியல் போட்டுப் படிப்பது, ‘ஐ, ஆல், கு, இன், அது, கண்’ என்று ஒப்பிப்பதால் ஒருவருக்குத் தமிழ் பேச வரும் என்று நினைப்பது மாதிரி.

இதை ஒழுங்காகச் செய்து காட்டுகிற ஆள் உங்கள் கம்பெனியிலேயே இருப்பார். நான் வகுப்பு எடுக்கப் போகிற ஒரு யூனிட்டில் ஒடிசாவில் இருந்து வந்த ஒரு பையன் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்தான். வந்த புதிதில் ‘நான் பசிக்குது’ என்பான். பக்கத்து மெஷின் அக்கா, ‘நான் இல்ல கண்ணு, எனக்குப் பசிக்குது’ என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அவன் அதை அப்படியே திருப்பிச் சொல்வான். அவ்வளவுதான் பாடம். ‘அண்ணா, நூல் தீந்துருச்சு’ என்று முழுசாக ஒரு வரி கற்றுக்கொண்டான். அடுத்த வாரம் அவனே ‘போன்ல பேலன்ஸ் தீந்துருச்சு’ என்றான், அப்புறம் கேன்டீனில் ‘டீ தீந்துருச்சா அக்கா?’ என்று கேட்டான். ‘தீர்’ என்பதற்கு அவன் மொழியில் என்ன அர்த்தம் என்று அவனிடம் எந்த நோட்டிலும் இல்லை. ஆறு மாதத்தில் லைன் சூப்பர்வைசரோடு தமிழில் வாதாடினான்.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. அவனுக்குக் காதில் விழுவது மட்டும்தான், உங்களுக்கு எழுத்திலேயே தினமும் வருகிறது. உங்கள் இன்பாக்ஸைவிட நல்ல பாடப்புத்தகத்தை நான் வாங்கித் தர முடியாது. பையர்களில் இங்கிலாந்துக்காரரோ அமெரிக்கரோ யார் என்று பாருங்கள். ஜெர்மனிக்காரரும் டென்மார்க்காரரும் நன்றாகவே எழுதுவார்கள், ஆனால் அவர்களும் உங்களைப் போல இங்கிலீஷைக் கற்றுக்கொண்டவர்கள். ஆரம்பத்துக்குத் தாய்மொழிக்காரர் ஒருவரின் மெயில் போதும். அதில் தினமும் மூன்று வரி எடுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம், பத்து எடுத்தால் பழைய மனப்பாடக் கணக்காகிவிடும்.

ஒரு வரியை எப்படி எடுப்பது என்று காட்டுகிறேன். பையர் எழுதுகிறார்: ‘வி கன்னாட் அப்ரூவ் தி லேப் டிப் ஆஸ் தி ஷேட் இஸ் டூ ரெட்.’ இதை முழுசாக நோட்டில் எழுதுங்கள். ‘அப்ரூவ்’ அடியிலும் அதற்கு அடுத்து வருகிற ‘தி லேப் டிப்’ அடியிலும் ஒரே கோடாகப் போடுங்கள். நடுவில் எதுவும் இல்லை என்பது கண்ணில் பதியட்டும். நாம் ‘லேப் டிப்புக்கு அப்ரூவல்’ என்று பேசிப் பழகி, எழுதும்போது ‘அப்ரூவ் ஃபார் தி லேப் டிப்’ என்று போட்டுவிடுவோம். அப்புறம் அதே அச்சில் உங்கள் வேலையில் இருந்து இரண்டு வரி எழுதுங்கள். லேப் டிப்புக்குப் பதில் ஃபிட் சாம்பிள், ஷேடுக்குப் பதில் நெக் வித் என்று மாற்றிக்கொள்ளலாம். மறுநாள் காலையில் வினைச்சொல்லையும் அதற்கு அடுத்த சொல்லையும் விரலால் மறைத்துவிட்டு வரியை வாய்விட்டுப் படியுங்கள். வாய்விட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். கண்ணால் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், நாக்கு தடுக்குகிற இடத்தில்தான் தெரியாதது வெளியே வரும். ரூமில் மற்றவர்கள் இருந்தால் மொட்டை மாடிக்குப் போங்கள்.

அகராதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் இருக்கிற லிஃப்கோ மாதிரி இங்கிலீஷ்–தமிழ் அகராதியைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன், தெரியாத சொல்லை முதலில் புரிந்துகொள்ள அது வேண்டும். ஆனால் எழுதுவதற்கு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி என்று தனி வகை இருக்கிறது. அது பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் இங்கிலீஷ் ஆசிரியராக இருந்தவர். ஜப்பானிய மாணவர்கள் உங்களைப் போலவே அர்த்தம் தெரிந்தும் வாக்கியத்தில் தடுமாறினார்கள். அவர் இன்னும் இருவரோடு சேர்ந்து, எந்த வினைக்குப் பின்னால் என்ன வரும் என்பதைச் சொல்லுக்குச் சொல் குறித்து ஓர் அகராதி தொகுத்தார். 1942ல் டோக்கியோவில் வெளிவந்தது, 1948ல் ஆக்ஸ்போர்டு அதை வெளியிட்டது. இன்றைய ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வாரிசுதான். இதுவும் கேம்பிரிட்ஜ், லாங்மன் அகராதிகளும் செல்போனிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் சொல்லைத் தேடியதும் அர்த்தத்தில் நிற்காதீர்கள், கீழே இருக்கிற எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்குப் போங்கள். தமிழில் 1992ல் வந்த க்ரியா அகராதியும் இப்படித்தான் சொல்லை வாக்கியத்தில் வைத்துக் காட்டுகிறது. ஒரு தடவை அதைப் புரட்டினால் நான் சொல்ல வருவது உங்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

செல்போனில் கேட்டால் முழு மெயிலையும் எழுதித் தருகிற செயலிகள் வந்துவிட்டன, நீங்களும் பார்த்திருப்பீர்கள். பயன்படுத்துங்கள். ஆனால் முதலில் நீங்களே எழுதிவிட்டு, அதைத் திருத்தச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த இடம் மாறியிருக்கிறது என்று பாருங்கள். மாறிய வரி உங்கள் மூன்று வரிகளில் ஒன்றாக நோட்டுக்குப் போகட்டும். வெறுமனே நகல் எடுத்து அனுப்பினால் மெயில் சரியாகப் போகும், நாளைக்கு வீடியோ காலில் பையர் முகத்தைப் பார்த்துப் பேசும்போது கையில் ஒன்றும் இருக்காது.

கிராமரை முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் கருத்து. மற்ற ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ‘எ’, ‘தி’ எங்கே போடுவது என்பது பல வருஷம் எழுதியவர்களுக்கும் தடுக்குகிற விஷயம், அது மெதுவாக வரட்டும். ‘ஹேஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘ஹேவ்’ வந்தால் பையர் கவனிப்பார், ஆனால் தப்பாகப் புரிந்துகொள்ள மாட்டார். ‘டவுட்’ இடம் மாறினால்தான் சரக்கு விமானத்தில் போகும். முதலில் வினைச்சொற்களைக் கவனியுங்கள். அதிலும் உங்கள் வேலையில் திரும்பத் திரும்ப வருகிற நாற்பது ஐம்பதை.

பழைய நோட்டை வீணாக்க வேண்டாம். அதில் வலது பக்கம் காலியாக இருக்கிறது என்பதைப் போட்டோவில் பார்த்தேன். இன்பாக்ஸில் ஒரு சொல் எதிர்ப்படும்போதெல்லாம் நோட்டில் அந்தச் சொல்லைத் தேடி, எதிர்ப்பக்கத்தில் அந்த வரியை எழுதுங்கள். சில சொற்களுக்கு ஒரு வருஷம் ஆனாலும் வரி கிடைக்காது. அவை உங்கள் வேலைக்கு வேண்டாத சொற்கள், விட்டுவிடலாம்.

கூச்சம் விட ஒரு வழி சொல்கிறேன். அந்தச் சீனியரை விடுங்கள், ஆபீஸில் நன்றாக எழுதுகிற வேறு ஒருவர் இருப்பார். அக்காவோ அண்ணனோ, அவரிடம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு மெயிலைக் காட்டி, ‘இந்த இடத்துல இந்தச் சொல் வருமாங்க?’ என்று கேளுங்கள். மெயில் முழுசையும் திருத்தச் சொன்னால் யாருக்கும் நேரம் இருக்காது. ஒரு சொல்லைக் காட்டிக் கேட்டால் நின்று பதில் சொல்வார்கள்.

கடைசியாக, நீங்கள் கடிதத்தை முடித்த விதம். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘டு’வுக்குப் பின்னால் ‘ஹியர்’ என்று எழுதிவிடுகிறவர்கள்தான் அதிகம், எம்.ஏ. படித்தவர்கள் உட்பட. நீங்கள் ‘ஹியரிங்’ என்று சரியாகப் போட்டிருக்கிறீர்கள், ‘ஃப்ரம்’மையும் விடவில்லை. இதற்கான விதியை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பையர் மெயில்களின் அடியில் நூறு தடவை பார்த்து, அந்த வரி முழுசாக உங்களுக்குள் போயிருக்கிறது. புது நோட்டுப் போட்டால் முதல் வரியாக அதையே எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து, எதிர்ப்பக்கம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று இன்னொரு போட்டோ அனுப்புங்கள் தம்பி, நானும் பார்க்க வேண்டும்.